கிளட்சைத் தேடும் இடது கால்

காரவள்ளி அடிவாரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். கூட வந்த பெரியவர் தம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே மலையை அண்ணாந்து பார்த்தார். “எழுபது கொண்டை ஊசி, தம்பி. வண்டி உங்களுக்குப் புதுசுங்கறீங்க. யோசிச்சுக்குங்க.”

வண்டி என் மைத்துனருடையது. ஆட்டோமேட்டிக். கியர் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது. இரண்டே மிதிதான், இரண்டையும் வலது கால் பார்த்துக்கொள்ளும். நாமக்கல்லிலிருந்து அடிவாரம் வரை ஒரு வம்பும் இல்லை. மூன்றாவது வளைவில் வந்தது வினை. எதிரே வாழைத்தார் ஏற்றிய மினி லாரி இறங்கிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தேனோ இல்லையோ, இருபது வருஷம் கிளட்ச் மிதித்த இடது கால் யாரையும் கேட்காமல் எழுந்தது, கிளட்ச் இருக்கவேண்டிய இடத்தில் முழு பலத்தோடு மிதித்தது. அங்கே இருந்தது பிரேக்கின் அகல மிதி. வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது. பெரியவர் கண்ணாடிவரை போய்த் திரும்பினார். பின்னால் வந்த இருசக்கர வண்டிக்காரர் என் குலத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

கிளட்ச் இல்லை என்பது எனக்குத் தெரியும். அரைமணி நேரத்துக்கு முன்புதான் பெரியவருக்கு அதை விளக்கிச் சொல்லியிருந்தேன். காலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது வளைவில் மறுபடியும் அதே கூத்து. “மறக்கணும்னு நினைக்கிறேன் ஐயா, முடியல” என்றேன். “மறக்கச் சொல்லாதீங்க தம்பி, அது மறக்காது. காலை மடக்கி சீட்டுக்கு அடியில தள்ளிடுங்க. எட்டாத எடத்துல இருக்கட்டும்.”

தள்ளினேன். அதற்கப்புறம் முப்பது வளைவுக்கு வண்டி பூப்போல ஏறியது.

பெரியவர் வேளாண்மை விரிவாக்கப் பணியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். அதில் பெரும்பகுதி இந்த மலையில். பழைய வேலைமுறையை விடுவது எப்படி என்று நான் ஒரு நூல் எழுதுவது தெரிந்து, “அதுக்கு எதுக்குங்க கம்பெனி கம்பெனியா அலையறீங்க, கொல்லிமலைக்கு வாங்க” என்று அழைத்துவந்தவர் அவர்தான். வந்த வேலை வளைவிலேயே பாதி முடிந்துவிட்டது.

நம் அலுவலகங்களில் மாற்றம் வருகிற விதம் நமக்குத் தெரியும். புது மென்பொருள் வரும். இரண்டு நாள் பயிற்சி, மதியம் பிரியாணி, கடைசியில் சான்றிதழ். ‘இன்று முதல் பழைய முறை கைவிடப்படுகிறது’ என்று சுற்றறிக்கை. மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் கணினியில் ஒரு கணக்கு, மேசை இழுப்பறையில் பழைய நோட்டில் இன்னொரு கணக்கு. மேலதிகாரி ‘ஊழியர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள்’ என்பார். எதிர்ப்பதற்கு முதலில் முடிவெடுக்க வேண்டும். என் இடது கால் எந்த முடிவும் எடுக்கவில்லை.

*

ஒரு வேலையைப் புதிதாகக் கற்கும்போது மூளையின் முன்பகுதி விழித்திருந்து ஒவ்வொரு அடியையும் கண்காணிக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால் பொறுப்பு மெல்ல உள்ளே ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளுக்கு, குறிப்பாக ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குக் கைமாறுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியெல் என்பவரின் குழு 2005-இல் வெளியிட்ட எலி ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. ‘டி’ வடிவப் பாதையில் எலி ஓட வேண்டும். ஓர் ஒலி கேட்டால் ஒரு பக்கம், வேறு ஒலி கேட்டால் மறுபக்கம் திரும்பினால் சாக்லேட். தொடக்கத்தில் ஓட்டம் முழுக்க ஸ்ட்ரையேட்டத்தின் நரம்பணுக்கள் சலசலத்துக்கொண்டே இருந்தன. பழகப் பழகச் சலசலப்பு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒதுங்கிவிட்டது. நடுவில் இருந்த ஓட்டம், திருப்பம் எல்லாம் கட்டிய மூட்டையாக ஆகிவிட்டன. முடிச்சை அவிழ்த்தால் மொத்தமும் தானே உருளும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதன் இரண்டாம் பகுதி. சாக்லேட்டை நிறுத்தினார்கள். எலிகளின் ஓட்டம் தளர்ந்தது, அந்த நரம்பு வடிவமும் மங்கிப்போனது. பழக்கம் செத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மறுபடியும் சாக்லேட் வைத்தார்கள். பழைய வடிவம் வெளியூர் போய்த் திரும்பியவனைப் போலத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாவ்லோவ் தன் நாய்களிடம் இதன் முன்னுருவை ஏற்கெனவே கண்டிருந்தார். ஒலிக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்க்குச் சோறில்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் எச்சில் நின்றுபோகும். சிறிது ஓய்வு கொடுத்து மறுபடி ஒலித்தால் திரும்ப ஊறும். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் பல ஆண்டுகள் இதைத் துருவி ஒரு முடிவுக்கு வந்தார்: மறத்தல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அழித்தல் அல்ல. பழையதன் மேல் ‘இங்கே இது வேண்டாம்’ என்று இன்னொரு பாடம் எழுதப்படுகிறது. அந்தப் பாடத்தில் ‘இங்கே’ என்ற சொல்தான் கனமானது. ஒரு கூண்டில் பழகியதை வேறு கூண்டில் விடவைத்த எலி, பழைய கூண்டுக்குத் திரும்பியதும் பழைய வேலையையே செய்தது. பயிற்சி வகுப்பில் புதிய முறையை அழகாகச் செய்துகாட்டிய குமாஸ்தா தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்ததும் பழைய நோட்டை எடுப்பதில் வியப்பென்ன?

மனிதர்கள் மேல் செய்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது பாப்கார்ன் சோதனை. டேவிட் நீல், வெண்டி வூட் ஆகியோரின் குழு 2011-இல் வெளியிட்டது. திரையரங்கில் படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதுப் பாப்கார்ன், சிலருக்கு ஒரு வாரத்துக்கு முன் பொரித்து நமுத்துப்போனது. திரையரங்கில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள் நமுத்ததையும் புதிதுக்குச் சமமாகத் தின்று தீர்த்தார்கள். ருசி பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள், தின்னவும் தின்றார்கள். அதே பழக்கம் உள்ள வேறு சிலர் வேறோர் அறையில், திரையரங்கு அல்லாத சூழலில், நமுத்ததைக் குறைவாகவே தின்றார்கள். இன்னொரு சுற்றில் திரையரங்கிலேயே, பழகாத கையால் தின்னச் சொன்னார்கள். அப்போதும் நமுத்தது குறைந்தது. அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கையை மாற்றினார்கள், அவ்வளவுதான். காலை சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்ன பெரியவரும் இதைத்தான் செய்தார். அவர் அந்த ஆய்வைப் படித்ததில்லை.

*

செம்மேட்டில் இறங்கி நடந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்கு. வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். சரிவுகளில் அதுதான், வீட்டுக்குப் பின்னால் அதுதான். இடையிடையே மிளகுக்கொடி ஏறிய மரங்கள், காப்பி, பலா.

“இங்க எல்லாம் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் ஒரு காலத்துல” என்றார் பெரியவர். “சாமையை விடுங்கன்னு இந்த மலைக்கு யாராச்சும் பயிற்சி குடுத்தாங்களா? ஒருத்தரும் குடுக்கல. தானா விட்டாங்க.”

தானாக என்று அவர் சொன்னாலும் அதற்கு ஒரு நீண்ட சங்கிலி உண்டு. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அது வளர்ந்து சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சேகோ ஆலைகள் பெருகின. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலைக்குச் சாலை இருக்கிறது, லாரி ஏறும். குச்சியை நட்டு, களையெடுத்து, சுமார் பத்து மாதத்தில் பிடுங்கி, லாரியில் ஏற்றிவிட்டால் கையில் பணம். இன்னொரு பக்கம் ரேஷன் கடை அரிசி. தமிழ்நாட்டில் 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. பையைப் பிரித்து உலையில் போட வேண்டியதுதான்.

சாமையை உலையில் போட அதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மதியம் ஒரு வீட்டு வாசலில் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர், நாங்கள் கேட்டதற்காக, உரலைக் கழுவித் துடைத்து இரண்டு கை சாமை போட்டார். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும். உலக்கை விழும் சத்தத்தில் தொடக்கத்தில் ஒரு மொத்தைத்தனம் இருந்தது. உமி கழலக் கழல அது சரசரப்பாக மாறியது. ஆயா உரலுக்குள் பார்க்கவே இல்லை. சத்தம் மாறியதும் நிறுத்தினார், முறத்தில் கொட்டிப் புடைத்தார், மறுபடி உரலில் போட்டார். மறுபடி புடைத்தார். மூன்றாவது சுற்றில் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதிப் பார்த்து, “இன்னும் ஒரு குத்து வாங்கும்” என்றார். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முறத்தில் இருந்தது ஒரு குழந்தைக்குக்கூடப் போதாத சோறு.

“நாலு பேரு சாப்பிடணும்னா விடியக்காலம் கோழி கூவறதுக்கு முன்ன ஆரம்பிக்கணும் சாமி. ரேசன் அரிசி வந்தப்போ யாரு இதத் தொடுவாங்க சொல்லுங்க?” என்றார் ஆயா. அவர் மருமகள் உள்ளேயிருந்து சிரித்தார். “நான் கல்யாணம் கட்டி வந்ததுல இருந்து இந்த உரலு திண்ணைதானுங்க. பூனை படுக்கும்.”

சிறுதானியங்களைப் பற்றி நகரத்தில் எழுதப்படும் உருக்கமான கட்டுரைகளில் இந்த உலக்கை வருவதே இல்லை. பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்கள் என்று எழுதுகிறவர் ஒரு வாரம் சாமை குத்திவிட்டு எழுதட்டும். மலை மக்கள் மறக்கவில்லை. சுற்றிலும் இருந்த சாலை, ஆலை, கடை, பை எல்லாம் மாறின. உலக்கையைத் தூக்கவைத்த காரணம் போனது, உலக்கை இறங்கியது.

*

1988-இல் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலைக்கு வந்தபோது எதிர்கொண்டது இதன் தலைகீழ்க் கணக்கை. ஒருமுறை பழகியதை விட்டவர்களை, விட்டதற்குத் திரும்பக் கூப்பிட வேண்டும். அதே சமயம் பழைய மாதிரியே குத்தவும் விதைக்கவும் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். தானியம் பழையது, வேலை புதியது என்றாக வேண்டும்.

அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது விழிப்புணர்வுக் கூட்டங்கள் அல்ல, ஊர்களில் வைத்த உமி நீக்கும் இயந்திரங்களும் மாவரைக்கும் இயந்திரங்களும்தான். அவற்றை நடத்தும் பொறுப்பு சுய உதவிக் குழுக்களுக்குப் போனது. நெல் அரைக்கும் இயந்திரத்தில் சாமையைப் போட்டால் நொறுங்கும். பொடி மணிக்கென்று தனி ஏற்பாடு வேண்டும். அது வந்தபிறகு பெண்களிடம் ‘மறுபடியும் சாமை சமையுங்கள்’ என்று சொல்வதில் ஒரு நியாயம் பிறந்தது. சமைப்பதற்கும் உலக்கைக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. சோறு திரும்பலாம், விடியற்காலை குத்தல் திரும்ப வேண்டாம்.

ஊர் விதை வங்கிகள் அமைத்தார்கள். மாவும் ரவையும் சந்தைக்குப் போயின. சாமையைத் தூவி விதைக்காமல் வரிசையில் விதைப்பது, குச்சிக்கிழங்குக்கு இடைவெளி விட்டு நடுவில் கேழ்வரகு போடுவது என்று சாகுபடியிலும் மாற்றம் செய்து பார்த்தார்கள். கிழங்கை விடச் சொல்லவில்லை, கிழங்குக்குப் பக்கத்தில் இடம் கேட்டார்கள். இது கெட்டிக்காரத்தனம்.

வரிசை விதைப்பு காகிதத்தில் எளிது. விதை குறைவாகப் பிடிக்கும், களையெடுக்க வழி கிடைக்கும், தூர் நன்றாகக் கட்டும். ஆனால் தூவுகிற கை ஒன்றைப் பெரியவர் எனக்கு நடித்துக் காட்டினார். மடியிலிருந்து ஒரு பிடி, இடது கால் முன்னே, மணிக்கட்டின் ஒரு சுழற்சி, விரல்களுக்கு இடையில் மணி சிதறும். அடுத்த அடி, அடுத்த சுழற்சி. கை பாடுகிற மாதிரி இருந்தது. இந்தக் கையை வரிசைக்கு வரச்சொன்னால் குனிய வேண்டும், நிதானிக்க வேண்டும், நடை துண்டு துண்டாகும். மழை வரப்போகிறது என்ற அவசரத்தில் எந்தக் கை வரிசை பார்க்கும்?

அவசரம் என்றதும் என் வளைவுக் கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பதாவது வளைவு தாண்டி, கால் அடங்கிவிட்டது என்ற தைரியத்தில் அதை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டியிருந்தேன். அரசுப் பேருந்து ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வளைவை முழுதாக விழுங்கிக்கொண்டு வந்தது. கால் மறுபடி பாய்ந்தது. பதற்றம் மனிதனைப் பழக்கத்தின் பக்கம் தள்ளும் என்பதை ஜெர்மனியில் லார்ஸ் ஷ்வாபெயும் ஆலிவர் வோல்ஃபும் 2009-இல் சோதனையாகவே காட்டினார்கள். பனிநீரில் கையை அமிழ்த்தவைத்துப் பதற்றமூட்டப்பட்டவர்கள், போதும் போதும் என்று தின்று சலித்த பண்டத்தைத் தரும் தேர்வையே திரும்பச் செய்தார்கள். பதறாதவர்கள் தேர்வை மாற்றிக்கொண்டார்கள். ஆண்டு முடிவில், தணிக்கை வருகிற வாரத்தில், புது முறையை அமல்படுத்துகிற நிர்வாகிகள் இதை நினைத்துப் பார்க்கலாம். விதைப்பு நாளில் விவசாயிக்குப் புதுப்பாடம் எடுக்கப் போகிறவரும்தான்.

*

“விவசாயிய விடுங்க தம்பி. மாறவே மாறாத ஜாதி ஒண்ணு இருந்துச்சு. அது நாங்க” என்றார் பெரியவர்.

1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு ‘பயிற்சியும் பார்வையிடலும்’ என்ற திட்டம் வந்தது. உலக வங்கியின் ஆதரவோடு டேனியல் பெனோர் என்பவர் வகுத்த முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊழியருக்குப் பயிற்சி. அங்கே கொடுக்கும் செய்தியைக் குறித்த கிழமையில், குறித்த ஊரில், குறித்த விவசாயியிடம் சேர்க்க வேண்டும். சமவெளியில், நெல்லுக்கு, அந்த ஒழுங்கினால் பலன் உண்டு. அப்படிப் பத்து வருஷம் பழகியவரை மலைக்கு அனுப்பி, ‘நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களைக் கேளுங்கள், எந்த ரகம் வேண்டும் என்று அவர்களே வயலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்’ என்றால்?

“மொதல் வருஷம் பூரா நான் கேள்விதான் கேக்கறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ‘உரம் போட்டா நல்லா வரும்னு தெரியுமில்ல?’ம்பேன். இது கேள்வியா?”

எப்போது மாறினீர்கள் என்று கேட்டேன். நெஞ்சைத் தொடும் ஒரு சம்பவத்தை எதிர்பார்த்தேன். அவர் சொன்னது படிவத்தைப் பற்றி. பழைய படிவத்தில் இருந்த கட்டங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், என்ன பரிந்துரைக்கப்பட்டது, எத்தனை பேர் ஏற்றார்கள். அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும் என்றால் பேசியே ஆக வேண்டும். பிறகு ஒரு திட்டத்துக்காக வேறு தாள் வந்தது. வீட்டில் என்ன விதை இருக்கிறது, அதன் பெயர் என்ன, யாரிடமிருந்து வந்தது, எதில் சேமிக்கிறார்கள், வீட்டில் யார் விதையைப் பொறுக்குகிறார்கள். “அத நிரப்பறதுக்கு என் வாய மூடித்தான் ஆகணும். வேற வழியில்ல. ரெண்டு மாசத்துல எனக்கே என் கொரல் மறந்துபோச்சு.” கடைசிக் கட்டத்துக்கு வீட்டு ஆண்களுக்கு விடை தெரியவில்லை என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்ததாகச் சொன்னார். அதுவரை பெண்களிடம் அவர் பேசியதே இல்லை. படிவத்தில் அவர்களுக்குக் கட்டம் இருந்ததில்லை.

இந்த இடத்தில் தனிமனித மூளையை விட்டு வெளியே வரவேண்டியிருக்கிறது. அலுவலகத்தின் பழக்கம் ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை. 1982-இல் ரிச்சர்ட் நெல்சன், சிட்னி விண்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு நிறுவனத்தின் நினைவாற்றல் என்பது அதன் அன்றாட நடைமுறைகள்தான் என்று வாதிட்டார்கள். யாரும் முழுதாகத் தெரிந்துவைத்திருக்க மாட்டார்கள். ஒருவர் ஒரு தாளை நீட்டுவார், அடுத்தவர் கை தானாக முத்திரையை எடுக்கும். மைக்கேல் கோஹனும் பால் பக்தாயனும் 1994-இல் ஒரு சீட்டாட்டத்தில் இதைப் பார்த்தார்கள். இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டம். சில சுற்றுகளில் ஜோடிக்குள் ஒரு தாளம் அமைந்துவிடும், ஆட்டம் வேகமாகும். சுருக்கமான வழி எதிரே தெரிகிறபோதும் சுற்றுவழியிலேயே போவார்கள். ஒருவர் மட்டும் மறந்து பயனில்லை, ஏனெனில் மற்றவர் கை காத்திருக்கிறது.

நாடே சேர்ந்து ஒரு பழக்கத்தை விட்ட நாள் நமக்கும் உண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவைக் கடைக்காரரும் வாங்குபவரும் எப்படிப் பங்கிட்டிருப்பார்கள்! நாணயம் மாறியதால் கை மாறியது. நாக்கு மாறவில்லை. இருபத்தைந்து பைசா 2011-இல் செல்லாமல் போகும்வரை அதற்கு நாலணா என்றே பெயர். அணாவைக் கண்ணால் காணாத தலைமுறையும் ‘நாலணாவுக்குப் பெறாது’ என்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோதும் இதே கதைதான். அச்சில் யானைத் துதிக்கை வைத்த ‘லை’ போய்விட்டது. அதற்கு முன் பள்ளி முடித்தவர்களின் கடிதங்களில் துதிக்கை கடைசிவரை ஆடிக்கொண்டிருந்தது. அச்சகத்தில் அந்த எழுத்துக்கட்டையே பெட்டியில் இல்லை என்றால் கோப்பவர் கை எங்கே போகும்? கடிதம் எழுதுகிறவரின் பேனாவுக்குள் எல்லாக் கட்டைகளும் இருந்தன.

எடுத்துவிட முடியாத கருவிகளும் உண்டு. 1994 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மலையொன்றில் காட்டுத்தீ 14 தீயணைப்பு ஊழியர்களைக் கொன்றது. சிலர் கனத்த பையையும் ரம்பத்தையும் சுமந்தபடியே ஓடியிருந்தார்கள். எறிந்துவிட்டு ஓடியிருந்தால் வேகம் கூடியிருக்கும். கார்ல் வைக் என்ற நிறுவன நடத்தை அறிஞர், அவர்கள் ஏன் எறியவில்லை என்று ஆராய்ந்து பல காரணங்களைச் சொன்னார். அதில் ஒன்று என்னை விட்டுப் போகவில்லை: ரம்பம் இல்லாவிட்டால் அவர்கள் யார்? பத்து வருஷம் ‘சொல்கிறவராக’ இருந்தவரிடம் ‘கேளுங்கள்’ என்றால் அவருக்கும் அந்தக் கேள்விதான் எழும். பெரியவர் அதைத் தன் பாணியில் சொன்னார்: “கேட்டுக்கிட்டே இருந்தா அதிகாரின்னு யாரு மதிப்பாங்கன்னு பயம்.”

*

விடுவதைப் பற்றியே பேசும்போது விடாமல் வைத்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிர்வாக நூல்கள் பழையதை மொத்தமாகத் துடைத்தெறியச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கொல்லிமலையில் சாமை திரும்ப முடிந்ததற்கு ஒரு காரணம், அது முழுதாகப் போகவில்லை என்பது. நூறு வீட்டில் விட்டிருந்தாலும் எங்கோ ஒரு சரிவில், ஒரு பிடிவாதக்காரர் கால் ஏக்கர் போட்டுக்கொண்டிருந்தார். மண் பூசிய தொம்பையில் விதை இருந்தது. பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்று பெயர்களும் இருந்தன. பெயர் தெரிந்தவர் இருந்தால்தான் எந்தச் சாமை எந்த மண்ணுக்கு, எது மழை தவறினாலும் தாங்கும் என்று கேட்க முடியும். அந்தக் கால் ஏக்கர் இல்லாமல் போயிருந்தால் விதை வங்கியில் என்ன வைத்திருப்பார்கள்? 2023-இல் உலகமே சிறுதானிய ஆண்டு கொண்டாடியது. அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எந்தப் பை சாமையை விரட்டியதோ அதே பையில் இப்போது கேழ்வரகு ஏறுகிறது.

பழைய முறையை விட்டுவிடும் அலுவலகமும் ஒரு மூலையில் கால் ஏக்கர் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். மின்சாரம் போன நாளில் கையால் ரசீது எழுதத் தெரிந்த ஒருவர். அவரை ‘மாறாதவர்’ என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன்.

உரல் வைத்திருந்த வீட்டில் மருமகளிடம் விடைபெறும்போது, இப்போது சாமை சமைப்பீர்களா என்று கேட்டேன். மாதத்தில் இரண்டு மூன்று முறை, மிஷினில் கொடுத்து வாங்கி என்றார். ஆயா முகம் சுளித்தார். “மிஷின் சாமையில மணம் இல்ல.” மருமகள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “இருந்தாலும் ரெண்டு தட்டு சாப்பிடுவாங்க.”

மாலையில் இறங்கினோம். எழுபது வளைவும் இடது கால் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது, ஒருமுறைகூட அசையவில்லை. பெரியவரை அவர் வீட்டில் விட்டேன். மைத்துனர் வண்டியை ஒப்படைத்துவிட்டு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலை என் பழைய வண்டியை எடுத்தேன். தெருமுனையில் பால்காரர் குறுக்கே வந்தார். வலது கால் பிரேக்கை மிதித்தது. இடது கால் மடங்கி, சீட்டுக்கு அடியில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வண்டி இரண்டு முறை குலுங்கி, நடுத்தெருவில் அணைந்து நின்றது.